மசினகுடியில் ஒரு கழுகு செத்தால், மைனஸ் 80 டிகிரி எதற்கு?

மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமியும் மாயாறு பள்ளத்தாக்கும் தென்னிந்தியாவில் பாறு கழுகுகளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம். பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்வோமே, அதேதான். இங்கே ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோன இனம்.

அதனால் இந்தக் காட்டில் ஒரு கழுகு செத்துக் கிடந்தால், ‘எப்படிச் செத்தது?’ என்பது சாதாரணக் கேள்வி இல்லை. அந்த உடலிலிருந்து எடுக்கும் சின்னத் திசுத் துண்டு கெட்டுப்போகாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

வீட்டு ஃப்ரீசர் போதாதா?

என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. உடலில் மருந்தோ விஷமோ இருந்ததா என்று பார்க்க, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்தாலே பெரும்பாலும் போதும்.

வைரஸைத் தேடினால் கதை வேறு. முதுமலை வட்டாரத்துக்குத் தெரிந்த குரங்குக் காய்ச்சலை உண்டாக்குவது ஆர்.என்.ஏ. வைரஸ். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும். மீனை ஃப்ரீசரில் ரொம்ப நாள் வைத்தால் ருசி மாறிவிடுகிறதே, ஏன்? மைனஸ் 20-லும் உள்ளே வேதிமாற்றங்கள் மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மைனஸ் 80-ல் அவை கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால்தான் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பல லட்சம் ரூபாய் கொடுத்து அந்த ஃப்ரீசரை வாங்குகிறார்கள்.

மூன்றாவது படி, மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜன். உயிருள்ள செல், விந்தணு போன்றவற்றைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் உயிர்ப்போடு இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. ஐதராபாத்தில் சிசிஎம்பி-யின் லாகோன்ஸ் ஆய்வகத்தில் உள்ள தேசிய வனவிலங்கு மரபணு வள வங்கி இப்படித்தான் இயங்குகிறது.

25-க்கு 25

கழுகுகள் ஏன் கொத்துக் கொத்தாகச் செத்தன என்பது நீண்ட நாள் புதிராகவே இருந்தது. ஏதோ வைரஸ் என்றே பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் செத்த கழுகுகளின் சிறுநீரகங்களைச் சோதித்த ஆய்வு 2004-ல் வெளியானது. சிறுநீரகம் செயலிழந்து செத்த 25 கழுகுகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-ல் ஒன்றில்கூட இல்லை.

மாட்டுக்குப் போடும் வலி நிவாரணி ஊசிதான் அந்த மருந்து. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகும் சாகும். 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. எடுத்து வைத்த திசு இல்லாமல் போயிருந்தால், இன்னும் வைரஸைத்தான் தேடிக்கொண்டிருப்போமோ என்னவோ.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் என்ற இரண்டு மருந்துகளும் கழுகைக் கொல்லும் என்று தெரிந்து, 2023-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நாளை இன்னொரு மருந்தின் மேல் சந்தேகம் வரலாம். அப்போது 10 ஆண்டுக்கு முன் செத்த கழுகின் திசு ஃப்ரீசரில் இருந்தால் சோதித்துப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் இன்னும் சில கழுகுகள் சாகும்வரை காத்திருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

முதலில் தூரம். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்தபோது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்பது உறுதியானது உத்தரப் பிரதேசத்தின் பரேலியில். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகவே கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெயிலில் கிடக்கும் உடல் மணிக்கணக்கில் அழுகிவிடும். பாறு கழுகு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை என்பதால், வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் ஆராய்ச்சி மாணவர் அதன் இறகைக்கூட எடுக்க முடியாது.

அடுத்தது கரன்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது நீலகிரிக்குப் புதிதல்ல. ஜெனரேட்டர், எச்சரிக்கை மணி, அந்த மணி அடித்தால் ராத்திரியிலும் ஓடிவர ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாத ஃப்ரீசர் வெறும் பெட்டிதான்.

பணக்கார நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2023 கிறிஸ்துமஸ் விடுமுறையில் 16 தொட்டிகளுக்கு திரவ நைட்ரஜன் வரத்து தடைப்பட்டது. நான்கு நாள் தாக்குப்பிடிக்கும் தொட்டிகள். ஐந்து நாள் யாரும் கவனிக்கவில்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த ரத்தப் புற்றுநோய் மாதிரிகள் பாழாயின.

முடியாத காரியமா?

இல்லை. நம் ஊர்களில் மைனஸ் 196 டிகிரி ஏற்கெனவே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் கால்நடை ஊழியர் கையில் இருக்கும் கேனில் ஆவி பறக்கிறதே, அது திரவ நைட்ரஜன்தான். உறைவிந்து குச்சிகள் அதில்தான் கிராமம் வரை வருகின்றன. நைட்ரஜன் தீருவதற்குள் நிரப்புவது ஒருவருடைய வேலை. கணக்கு எழுதுவது இன்னொருவருடைய வேலை. அதனால் அது நடக்கிறது.

செத்த கழுகுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். வனத்துறை கால்நடை மருத்துவரிடம் ஒரு நைட்ரஜன் கேன், எடுத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறு வேறு ஊர்களில் வைப்பது, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற பதிவேடு. ஆய்வுத் திட்டத்தின் நிதி மூன்று, நான்கு ஆண்டில் முடிந்துவிடும். அதன் பிறகும் ஃப்ரீசருக்குக் கரன்ட் பில் வரும். அதை யார் கட்டுவது என்பதை ஃப்ரீசர் வாங்கும் நாளிலேயே எழுதி வைத்தாக வேண்டும்.

தென்னிந்தியாவில் காட்டில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் சில நூறுதான். அதில் ஒன்று செத்து, ஏன் என்று தெரியாமலே புதைக்கப்பட்டால், அடுத்ததையும் அதே காரணம் கொல்லும்.