நிலாவை விடுங்க பாஸ், அகராதியை எடுங்க!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாபோதும், கேம்பஸ்ல கவிஞர்கள் முளைச்சுடுவாங்க. நோட்டீஸ் போர்டு, ஆண்டு மலர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு எங்க பார்த்தாலும் நிலா, மௌனம், விழி, சிறகு. இந்த நாலு சொல்லையும் ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணினா பாதிப் பேர் பேனாவை மூடிடுவாங்க! உங்களுக்கு உணர்ச்சி பஞ்சமில்லை. சொல்தான் பஞ்சம்.

'அப்போ கவிதை எழுத எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்?'னு கேட்கிறீங்களா? நல்ல கேள்வி. ஆனா, யாருக்கும் தெரியாத கஷ்டமான வார்த்தையைப் பிடிக்கிறதுக்குன்னா வேண்டாம். அந்தக் காசுக்கு பிரியாணி சாப்பிடுங்க. ஏற்கெனவே எழுதின சொல் சரியான சொல்தானான்னு சோதிக்கிறதுக்குன்னா, வாங்க பேசலாம்.

கையில ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசுன்னா, க்ரியாவின் 'தற்காலத் தமிழ் அகராதி'. 1992-ல முதல் பதிப்பு, 2008-ல ரெண்டாவது, 2020-ல மூணாவது. இன்னிக்கு எழுத்துலயும் பேச்சுலயும் நடமாடுற சொற்கள்தான் இதுல இருக்கும். சொல்லுக்குப் பக்கத்துலயே அதை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். கவிதைக்காரனுக்கு அர்த்தத்தைவிட அந்த வாக்கியம்தான் முக்கியம். ஒரு சொல் யார் வாயில, எந்த இடத்துல, எந்தத் தொனியில வருதுன்னு அதுதான் காட்டிக்கொடுக்கும். இதுக்காகவே பல வருஷம் உழைச்ச க்ரியா ராமகிருஷ்ணன், மூணாவது பதிப்பு வெளியான சில நாள்லயே, 2020 நவம்பர்ல கொரோனாவால காலமானார். புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்குங்க.

அடுத்து, பெரியண்ணன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924-லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதி, 1939-ல ஒரு பின்னிணைப்பு. லட்சத்துக்கும் மேல சொற்கள். இதை வாங்கி ஹாஸ்டல் அலமாரியை உடைக்க வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்துல இலவசமாவே தேடலாம். ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு. லெக்சிகன்ல எல்லாக் காலத்துச் சொல்லும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும். 'நாற்றம்'னா நறுமணம்னும் அதுல போட்டிருக்கும். அதை நம்பி அவங்க கூந்தலைப் பத்திப் பாடிட்டுப் போனீங்கன்னா, அதுக்கப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை. லெக்சிகன்ல எடுத்த சொல்லை க்ரியாவுல ஒருமுறை உரசிப் பார்த்துட்டு எழுதுறது நல்லது.

ஆனா சுகம்னா இதுல தொலையுற சுகம்தான். 'பூ'ன்னு ஒரே சொல்லை வெச்சு எத்தனை கவிதை எழுதியிருப்பீங்க? நம்ம ஆளுங்க அதை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல்னு ஏழு பருவமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. வீ உதிர்ற பூ, செம்மல் வாடின பூ. (இனிமே யாரையாவது 'கல்விச் செம்மல்'னு பேனர்ல பார்த்தா சிரிக்காதீங்க. தலைவர்ங்கிற அர்த்தமும் அதுக்கு இருக்கு!)

எதுகைக்குத் தனியா புக் இருக்கான்னு ஒரு கோஷ்டி கேட்கும். இருக்கே! வீரமாமுனிவர் 1732-ல செஞ்ச சதுரகராதியோட நாலாவது பகுதி 'தொடை'. எதுகைச் சொற்களுக்குன்னே ஒதுக்கினது. அதுக்கும் முன்னாடி, மண்டலபுருடரோட சூடாமணி நிகண்டுல பதினோராம் தொகுதியே எதுகை வரிசையிலதான் போகும். திண்ணைப் பள்ளியில பசங்க அதை மனப்பாடமே பண்ணினாங்க. எனக்கென்னவோ இந்தப் புத்தகங்களை முதல் வரி எழுதுறதுக்கு முன்னாடி திறக்கக் கூடாதுன்னு தோணுது. திறந்தா கண்ணே, பெண்ணே, மண்ணே, விண்ணேன்னு வண்டி தானா ஓடும். ஓட்டுறது நீங்களா இருக்க மாட்டீங்க. வெண்பா, விருத்தம்னு மரபுல ஆசை இருக்கிறவங்க கி.வா.ஜகந்நாதனோட 'கவி பாடலாம்' தேடிப் படிங்க.

நான் கடைசியா வெச்சிருக்கிற அலமாரி வேற. கி.ராஜநாராயணனோட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-ல வந்தது. பெருமாள்முருகனோட கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-ல. கண்மணி குணசேகரனோட நடுநாட்டுச் சொல்லகராதி 2007-ல. மூணு பேருமே கதை எழுதுறவங்க. கண்மணி குணசேகரன் அரசு பஸ் டெப்போல மெக்கானிக்கா வேலை பார்த்தவர். யாரும் இவங்களைக் கமிட்டி போட்டு உட்கார வைக்கலை. தான் எழுதுற சொல் தன் ஊர்லயே காணாமப் போகுதேன்னு இவங்களே உட்கார்ந்து சேர்த்தாங்க.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடத்தைப் 'பொடக்காளி'ன்னுதான் சொல்வான். கவிதை எழுத உட்கார்ந்ததும் அது 'கொல்லைப்புறம்' ஆயிடும். எதுக்குப்பா இந்த வெட்கம்? பொடக்காளியிலதான் அம்மா பாத்திரம் கழுவினாங்க, அங்கதான் நீ ஒளிஞ்சு அழுதே. கொல்லைப்புறத்துல உனக்கு ஒண்ணுமே நடக்கலை.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கதானே? ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்துக்குங்க. தூறல், சாரல், தூவானம், அடைமழை எல்லாம் நமக்குத் தெரியும். உங்க பாட்டி மழைக்கு வேற என்னென்ன பேர் வெச்சிருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க. அகராதியில இல்லாதது ஏதாவது சிக்கினா, நமக்கும் ஒரு கார்டு போடுங்க.