எலிக்கு வழி தெரிஞ்சது எப்படி?

போன வாரம் மயிலாப்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். லஸ் பக்கம் நடைபாதை ஓரமா பெருச்சாளி வளை ஒண்ணு. அதைக் காட்டி மாப்பிள்ளை சிரிச்சார்: "எலியிலகூட ஆணுக்குத்தான் வழி தெரியுமாம் மச்சான், ஆராய்ச்சியே இருக்கு. இவளைத் தனியா தி.நகர் அனுப்பினா பாண்டி பஜாரையே சுத்திக்கிட்டு இருப்பா."

ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். ஆனா அவர் சொன்னது பாதி. 1986ல் அமெரிக்காவில் காலின், ஃபிட்ஜெரால்டு என்ற இருவர், வோல் என்கிற எலி இனங்களைச் சிக்கலான பாதைகளில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். புல்வெளி வோலில் ஆண் கெட்டி. பல பெட்டைகளைத் தேடி நெடுந்தூரம் அலையும். மண்ணுக்குள் வளை வெட்டி ஜோடியாக வாழும் பைன் வோலில் ரெண்டும் ஒரே அளவு இடத்தில்தான் திரியும். அங்கே ஆண், பெண் வித்தியாசம் தெரியவில்லை. ஆணாப் பிறந்ததால மட்டும் வந்த அறிவில்லை. அலைய வேண்டியிருந்ததால தலைமுறை தலைமுறையா ஊறினது.

மனுசன் எலி இல்லை. ஆனாலும் எங்க வீட்டுக் கதையை யோசிச்சேன். பத்து வயசுல என்னைச் சைக்கிளில் சந்தைக்கு அனுப்பினாங்க. தங்கச்சியைத் தெருமுனை தாண்ட விடல. தடுத்ததுல நானும் ஒருத்தன். இப்ப அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை?

மறுநாள் அடையாறு போகணும். "நீ முன்னால போம்மா, நான் பின்னால வர்றேன்"னேன். ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிட்டோம். பரவாயில்லை. நானும் அப்படித் தப்பித் தப்பித்தானே கத்துக்கிட்டேன்.