வலியது எது? பொருந்துவது எது?

“எந்த மோட்டர் எல்லாவற்றினும் வலியது?” பெரிய மாதிரிப் படகு ஒன்றை வானொலி அலைகளால் இயக்கிப் பந்தயத்தில் விட விரும்பும் இளைஞர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுவே. கேள்வி இயல்பானதுதான், ஆயினும் வரிசை தலைகீழானது. மோட்டர் இறுதியில் தெரிவு செய்யப்பட வேண்டிய பொருள். பந்தய விதி, படகின் உடல், பற்றரி, விசிறி என்பன ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ‘எமக்கு ஏற்ற மோட்டர் இதுவே’ என்று தாமே சுட்டிக் காட்டும். இவ்வரிசையை மறந்தவர் கைப்பொருளை நீரில் விட்டவராவர். ஆதலின் இவ்வாரம் அதனைச் சிறிது விளக்க எண்ணினோம். பௌதிகம் கற்கும் மாணவர், தாம் ஏட்டிற் கண்ட சூத்திரங்கள் நீரின்மேல் ஓடக் காண்பதற்கும் இது நல்லதொரு வாய்ப்பாகும்.

மின்சாரத்தால் ஓடும் மாதிரிப் படகு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1898 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் நிக்கொலா தெஸ்லா என்னும் அறிஞர், கம்பித் தொடர்பு ஏதுமின்றிச் சிறிய படகொன்றை ஏவி ஓட்டிக் காட்டினார். அதற்கு வலு தந்தது பற்றரியே. ஆயினும் அக்காலத்துப் பற்றரி எடை மிக்கது. அது தரும் சக்தியோ சிறிது. அதனாற் பின்வந்த பல ஆண்டுகளில் பெரிய பந்தயப் படகுகளில் எண்ணெய் எஞ்சின்களே ஆட்சி செய்தன. தூரிகையற்ற மோட்டரும் இலிதியம் பொலிமர்ப் பற்றரியும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவிய பின்னரே, மின்சாரம் எண்ணெய்க்கு ஈடுகொடுத்து நிற்கும் நிலையை அடைந்தது.

முதலில் விதியை நோக்குவோம். வட அமெரிக்க மாதிரிப் படகுச் சங்கத்தார் தொடராக இணைக்கும் கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மின்படகுகளை வகுத்துள்ளனர். ‘பீ’ வகுப்புக்கு 4 கலங்கள். ‘கியூ’ வகுப்புக்கு 6. ‘எஸ்’ வகுப்புக்கு 8. ஐரோப்பாவில் நவிகா என்னும் அமைப்பின் பந்தயங்களிலோ பற்றரியின் எடைக்கு எல்லை உண்டு. எவ்வகையாயினும் கருத்து ஒன்றே. எல்லோர்க்கும் கிடைக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அதனை யார் சிக்கனமாகச் செலவிடுகின்றார் என்பதே போட்டி.

அடுத்தது படகின் உடல். தனியுடற் படகு நீரோடு மிகுதியாக உராய்வதால் மிகுந்த வலுவை விழுங்கும். இரட்டையுடற் படகு அதனினும் இலேசாக ஓடும். (இரட்டையுடற் படகுக்கு ஆங்கிலர் வழங்கும் ‘கற்றமரான்’ என்னும் பெயர் நம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்க.) நீரை அரிதாகவே தொட்டுச் செல்லும் ‘ஹைட்ரோ’ வகைப் படகுக்குத் தேவைப்படும் வலு மிகக் குறைவு. ஒரே நீளமுடைய மூன்று படகுகளுக்கு ஒரே மோட்டரைப் பரிந்துரைப்பவர் சொல்லை ஐயத்தோடு கேட்பது நன்று.

இனி வோல்ற்றளவு. ஒரு மீற்றர் நீளமுள்ள படகொன்றுக்கு 3,000 வாற்று வலு வேண்டும் எனக் கொள்வோம். இலிதியம் பொலிமர்க் கலம் ஒன்றின் பெயரளவு வோல்ற்றளவு 3.7. நான்கு கலங்கள் 14.8 வோல்ற்றுத் தரும். அப்பொழுது மின்னோட்டம் ஏறக்குறைய 203 அம்பியர். எட்டுக் கலங்களாயின் 29.6 வோல்ற்று, மின்னோட்டம் ஏறக்குறைய 101 அம்பியர். வலு ஒன்றே, ஓட்டம் பாதி. வடங்களிலும் இணைப்புக்களிலும் 0.002 ஓம் தடை உண்டாயின், அங்கே வெப்பமாக வீணாவது முதலாவதில் ஏறக்குறைய 82 வாற்று. இரண்டாவதில் ஏறக்குறைய 20 வாற்று. ஓட்டம் பாதியாக, வெப்பம் காற்பங்காயிற்று. வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்று நாம் வகுப்பில் எழுதுவது இதனையே. ஆதலின் பெரிய படகுக்கு, விதி இடந்தரும் அளவும் உயர்ந்த வோல்ற்றளவும் குறைந்த ஓட்டமுமே உகந்தவை. சின்னஞ்சிறு படகுக்கேற்ற நான்கு கலங்களை வைத்துக்கொண்டு பெரும் படகை விரட்டுபவர், வேகத்தை அன்று, வெப்பத்தையே விலைக்கு வாங்குகின்றார்.

இதன் பின்னரே மோட்டர். மோட்டரின்மேல் ‘கேவி’ என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதனைக் கிலோவோல்ற்று என்று மயங்குதல் கூடாது. சுமையின்றி ஓடுங்கால் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையே அது குறிக்கும். நம் படகுக்குச் சுமையின்றி நிமிடத்துக்கு 25,000 சுற்று வேண்டுமாயின், அதனை 29.6 ஆல் வகுக்க, ஏறக்குறைய 845 வரும். எனவே அவ்வெண்ணை ஒட்டிய மோட்டரே வேண்டற்பாலது. ‘கேவி’ பெரிதாயின் மோட்டர் வலிதென்று எண்ணுவது பிழை. அது வேகத்தின் அளவேயன்றி வலுவின் அளவன்று. வலுவைத் தாங்குவது மோட்டரின் பருமனும் எடையும், அதனைச் சுற்றி ஓடும் குளிர்நீருமாகும்.

மோட்டர் எவ்வளவு ஓட்டத்தை இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரைத் தள்ளும் விசிறியே. ஒரே வடிவுடைய விசிறிகள் ஒத்த நிலைமையில் ஒரே வேகத்திற் சுழலுமாயின், அவற்றுக்கு வேண்டும் வலு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைத் தழுவி ஏறும். 50 மில்லிமீற்றர் விசிறியைக் கழற்றி 55 மில்லிமீற்றர் விசிறியை மாட்டினால், விட்டம் பத்திலொரு பங்கே கூடிற்று. சுமையோ ஏறக்குறைய 60 வீதம் கூடிவிட்டது! சுமை மிஞ்சினால் வண்டி மாடு படுத்துவிடும். மோட்டருக்கு அந்த அறிவு இல்லை. அது கேட்டதைக் கொடுக்க முயன்று எரிந்துபோகும். ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று நம் பெரியோர் சொன்னது விசிறிக்கும் பொருந்தும்.

வேகத்தையும் கணித்துப் பார்க்கலாம். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள விசிறியின் புரியிடைத்தூரம் 70 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். சுமையோடு அது நிமிடத்துக்கு 21,000 முறை சுழன்றால், மணிக்கு 88 கிலோமீற்றர் செல்ல வேண்டும். நீரில் 15 வீதம் வழுக்கலாகப் போக, எஞ்சுவது ஏறக்குறைய 75 கிலோமீற்றர். இது போதாதென்பவர், பெரிய விசிறியை நாடுமுன் தம் பற்றரியைக் கேட்கட்டும்.

பற்றரியின் கணக்கு நேரத்தின் கணக்கு. பல பந்தயங்களிற் படகுகள் முன்னரே நீரிற் சுற்றிக்கொண்டிருக்க, கடிகாரம் பூச்சியத்தைத் தொடும்போது கோட்டைக் கடப்பதே தொடக்கமாகும். அந்த நேரத்தையும், முடிந்தபின் கரை சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம், சராசரி 100 அம்பியர் எனின், 5 அம்பியர் மணி செலவாகும். பற்றரியின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் எடுத்தல் ஆகாது, எனவே 6.25 அம்பியர் மணிக்குக் குறையாத பற்றரி வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சராசரியைத் தாங்கினாற் போதாது. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஓட்டம் இருமடங்காகலாம். அதனையும் தாங்குவதாக அது அமைதல் வேண்டும். இவற்றை எண்ணாதவரின் படகு ஈற்றுச் சுற்றுவரை முன்னே வந்து, கரையைக் கண்ட நிலையில் தளர்ந்து நிற்க, பின்னே வந்த எளிய படகு அதனைக் கடந்து போகும்.

கணக்குச் சரிதானா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சிறிய விசிறியோடு தொடங்கி, முழு வேகத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுக. பின் பற்றரிக்கு மின்னேற்றுங்கால், மின்னேற்றி காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. 1.7 அம்பியர் மணி உள்ளே சென்றதாயின், சராசரி ஓட்டம் 102 அம்பியர் என்பது தெளிவு. அறுபதாற் பெருக்கத் தெரிந்த சிறுவனும் இதனை அறியலாம். மோட்டரையும் பற்றரியையும் தொட்டுப் பார்க்குமுன் வெப்பமானியாற் பார்க்க. பற்றரியின் வெப்பநிலை 60 பாகை செல்சியசை அணுகுமாயின் விசிறியைக் குறைத்தலே அறிவுடைமை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இலிதியம் பற்றரி விளையாட்டுப் பொருளன்று. கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ற்றுக்குமேல் ஏற்றினாலோ, வீங்கியதை மீண்டும் பயன்படுத்தினாலோ அது தீப்பற்றக்கூடும். கலங்களைச் சமப்படுத்தும் மின்னேற்றியால், எரியாத தளத்தின்மேல், பெரியவர் ஒருவர் அருகிருக்க மின்னேற்றுதல் வேண்டும். பற்றரியை இணைத்த கணத்திலிருந்து விசிறியருகே விரல் செல்லலாகாது.

வென்ற படகின் மோட்டரைப் பார்த்து அதுபோல் ஒன்று வாங்க விரைவோர் பலர். அவர் பார்க்க வேண்டியது மோட்டரையன்று. அதனோடு பற்றரியும் விசிறியும் உடலும் எவ்வாறு இணங்கி நின்றன என்பதையே. வலியது ஒன்று தனித்து நின்று வெல்வதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தியவை கூடி நின்று கரை சேர்கின்றன. கடைக்குப் போகுமுன் காகிதமும் பென்சிலும் எடுப்பவரே இப்பந்தயத்தில் முதலடி வைத்தவராவர்.