நாங்கள் சாகசம் செய்யவில்லை, அரிசி வாங்கப் போகிறோம்

அண்மையில் கொழும்பிலிருந்து பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் ஹட்டனுக்கு வந்திருந்தார். ஒரே மேசையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்தி திருத்தியவர்கள் நாங்கள். புகையிரத நிலையத்துக்கு வெளியே நான் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். சேறு அப்பிய உயரமான வண்டி. முரட்டுப் பல் கொண்ட டயர்கள். வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும் முன் மட்காட். "என்ன ஐசே, இந்த வயதில் உமக்குச் சாகசம் கேட்கிறதோ?" என்றார்.

வண்டியின் பின்புறத்தில் பத்துக் கிலோ அரிசியும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும் மனைவியின் மருந்துப் பையும் கட்டப்பட்டிருந்தன. அவற்றைக் காட்டி, "இதுதான் எனது சாகசம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் மட்டும் இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

சாகச மோட்டார் சைக்கிள் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1977 இல் தியரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் ஓட்டப் பந்தயமொன்றின்போது லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, உயிர் தப்பினார். தாம் பெற்ற அனுபவத்தை மற்றவர்களும் பெறட்டும் என்று அவர் தொடக்கிய பாரிஸ் - டக்கார் பந்தயம் 1978 டிசம்பரில் முதன்முதலாகப் புறப்பட்டது. 1980 இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் தார் வீதிக்கும் மண் பாதைக்கும் பொதுவான பெரிய வண்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அவ்வகை வண்டி டக்கார் பந்தயத்தில் வென்றது. அன்றிலிருந்து இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. 2016 இல் இந்தியாவின் ரோயல் என்பீல்ட் நிறுவனமும் இமயமலையின் பெயரிலேயே ஒரு வண்டியை வெளியிட்டது.

இவற்றின் விளம்பரங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். நகரத்து அலுவலகத்தில் சலித்துப்போன ஒருவன், தார் வீதி முடியும் இடத்தில் தன்னைக் கண்டுபிடிக்கிறான். தார் வீதி முடியும் இடத்தில்தான் எங்கள் வீடுகள் தொடங்குகின்றன என்பது அந்த விளம்பரக்காரருக்குத் தெரியாது.

எனது வண்டி அந்தப் பெரிய சாதியைச் சேர்ந்ததன்று. ஜப்பானிலிருந்து பழையதாக இறங்கி, என்னிடம் வருமுன் பலர் கைமாறிய யமஹா செரோ, 225 சீ.சீ. நம்மவர் ட்ரெயில் பைக் என்பார்கள். 1985 இல் பிறந்த வகை. செரோ என்பது ஜப்பானிய மலைகளில் வாழும் ஆட்டினத்தை ஒத்த ஒரு விலங்கு. பாறைச் சரிவில் நிதானமாகக் கால்வைத்து ஏறும் அந்தப் பிராணியின் பெயரை இந்த வண்டிக்கு இட்டவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் மலைகளில் தேவைப்படுவதும் வேகமன்று, அந்த நிதானமே.

இதற்கு முன்னர் எல்லோரையும் போல 100 சீ.சீ. வண்டியொன்றை வைத்திருந்தேன். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதியில் அது குறை சொல்ல முடியாத வண்டி. ஆனால் எனது வீடு ஏ7 வீதியில் இல்லை. பிரதான வீதியிலிருந்து திரும்பி, தேயிலை மலைகளுக்கூடாக நான்கு மைல் ஏற வேண்டும். ஒரு காலத்தில் கல் பாவி, மேலே தார் ஊற்றிய பாதை அது. தார் போய், சல்லி போய், இப்போது அடியிலிருந்த பெருங்கற்கள் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. கான்கள் தூர்ந்துபோனதால் மழைநீர் பாதையையே கானாக்கிக் கொண்டது. அந்த நான்கு மைலில் எனது பழைய வண்டியின் சைலன்சர் கல்லில் அடிபட்டு நசுங்கியது. ரிம் இரண்டு முறை வளைந்தது. முன் போர்க்கில் எண்ணெய் கசியாத மாதமில்லை. கராஜுக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தபோதுதான் செரோவை வாங்கத் துணிந்தேன்.

செரோவின் முன்சில்லு 21 அங்குலம். சிறிய சில்லு விழுந்து எழும் குழியைப் பெரிய சில்லு உருண்டு கடந்துவிடும். வண்டியின் அடிவயிறு உயரத்தில் இருப்பதால் கல் தட்டுவதில்லை. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகளுக்கு நீண்ட ஓட்டம் உண்டு. அதனால் என் முதுகெலும்பு இன்னும் என்னுடையதாகவே இருக்கிறது. கீழ்க் கியரில் நடையின் வேகத்திலேயே ஏற்றம் ஏறும். எடையும் நூறு கிலோவைச் சற்றே தாண்டும் என்பதால், வழுக்கி விழுந்தாலும் ஒருவராகத் தூக்கி நிறுத்திவிடலாம். பயணப் பெட்டிகளும் வெளிநாட்டு ஸ்டிக்கர்களுமாக 250 கிலோ எடையில் வரும் பெருவண்டிகள் எங்கள் சேற்றில் சரிந்தால், தூக்கிவிட லயத்து இளைஞர்கள் நால்வர் வரவேண்டும். வந்திருக்கிறார்கள், நானே கண்டிருக்கிறேன்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. இருக்கை உயரம் 81 சென்ரிமீற்றர். சேலை கட்டிய என் மனைவி அதில் ஏறுவதற்கு வாசற்படியின் துணை வேண்டும். இறங்குவதற்கு எனது தோளின் துணை வேண்டும். முழங்கால் வலி வந்தபின் அவர் அதில் ஏறுவதையே விட்டுவிட்டார். எரிவாயுச் சிலிண்டரைக் கட்ட இடமில்லை. அதற்காக இரும்புக் கேரியர் ஒன்றைத் தனியே அடித்துப் பொருத்தினேன். மண்ணைக் கவ்வும் முரட்டு டயர், மழை நனைத்த தார் வீதியில் நம்பத்தக்கதன்று. விரைவில் தேய்ந்தும் போகும். உதிரிப்பாகத்துக்குக் கடை கடையாக அலைய வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2022 இல் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. ஏற்றத்தில் கீழ்க் கியரிலேயே முனகும் வண்டிக்கும், காலிமுகத்திடலில் காற்று வாங்கும் வண்டிக்கும் ஒரே அளவு!

இவ்வளவையும் எதற்காகச் சகித்துக்கொள்கிறேன்? மலைப் பயணத்தின் மீதுள்ள மோகத்தினாலா? வேறு வழியில்லை என்பதனால். என் வாதம் இதுதான்: கடைக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போவதற்குச் சாகச வண்டி தேவைப்படும் ஊரில் நடப்பது சாகசமன்று, புறக்கணிப்பு. அதற்குச் சாகசம் என்று பெயர் வைப்பது, பசித்தவனைப் பார்த்து விரதம் இருக்கிறான் என்று சொல்வதைப் போன்றது.

இந்தப் பாதைகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1884 இல் புகையிரதம் ஹட்டனைத் தொட்டது; 1885 இல் நானுஓயாவை அடைந்தது. தேயிலைப் பெட்டிக்கு அத்தனை விரைவாகப் பாதை கிடைத்தது. அந்தத் தேயிலையைப் பறித்த மக்களின் முன்னோர்களோ மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக வந்தவர்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். தோட்டப் பாதைகளும் அதே நியாயத்தில்தான் வெட்டப்பட்டன. கொழுந்து மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கு லொறி போகவேண்டும். துரையின் பங்களாவுக்கு வாகனம் ஏறவேண்டும். லயத்துக்குப் பாதை எதற்கு? அங்கிருப்பவர்களுக்குத்தான் கால்கள் இருக்கின்றனவே!

தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்பதே அதிகாரத்தின் ஓசையாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சின்னத்துரையின் வண்டிச் சத்தம் வளைவில் கேட்டால் மலையில் பேச்சு அடங்கிவிடும். இன்று தொழிலாளியின் மகனும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். மகிழ்ச்சிக்குரிய மாற்றந்தான். ஆனால் அவன் ஓட்டும் பாதை மாறவில்லை.

அது ஏன் மாறவில்லை? 1972 - 75 காலத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. அதாவது, சபைக்கு வாக்களிக்கலாம், சபையின் வீதியைக் கேட்கக்கூடாது! இந்த அநீதியைத் திருத்த 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் திருந்தியது. பாதைகள் பல இன்னும் திருந்தவில்லை. கம்பனியைக் கேட்டால் நட்டக் கணக்கைக் காட்டுகிறது. சபையைக் கேட்டால் நிதி இல்லை என்கிறது. தேர்தல் காலத்தில் இரண்டு லோட் சல்லி வந்து கொட்டப்படும். பரப்புவதற்கு முன் தேர்தல் முடிந்துவிடும். ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது இந்த நாட்டுத் தேயிலை. அதைச் சுமந்து இறங்கும் பாதைக்கு ஒரு கான் வெட்டக் காசில்லை என்றால் யார் நம்புவது?

பாதைகள் சீரானால் மலையகத்தின் அழகும் அமைதியும் கெட்டுவிடும் என்று சொல்லும் பயணப் பிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆடி மாதத்து மழை இரவு. மேல் லயத்தில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. அவருடைய மகன் ஓடிவந்து கதவைத் தட்டி, "ஐயா, ஆட்டோக்காரர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏறமாட்டார்களாம்" என்றான். ஆட்டோக்காரர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த மழையில் அந்தக் கற்களின் மேல் முச்சக்கரவண்டி ஏறாது. தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்தது. முதியவரை எனக்கும் மகனுக்கும் இடையில் இருத்தி, ஒரு கம்பளியால் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, முதல் கியரில் இறங்கினேன். மூடுபனியில் முன்விளக்கின் ஒளி பத்தடிக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு கல்லிலும் அவர் முனகுவது என் முதுகில் கேட்டது. பாலத்தில் காத்திருந்த முச்சக்கரவண்டியில் அவரை ஏற்றியபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் லயமெங்கும் எனது வண்டியின் புகழ்தான். "ஐயாவின் பைக் இல்லையென்றால்..." என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ வெட்கமாக இருந்தது. நெஞ்சுவலியால் துடிக்கும் மனிதனை மூவராக மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கற்களின் மேல் குலுக்கிக்கொண்டு போவது வீரமா? அது சட்டப்படி குற்றம், மருத்துவப்படி ஆபத்து. அந்தக் குற்றத்தைச் செய்தால்தான் ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்ற நிலையை யார் உண்டாக்கினார்கள்? அழகும் அமைதியும் பேசும் அன்பர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பிரதான வீதிகளே மண்சரிவில் துண்டிக்கப்பட்டன. சில நாட்கள் நாடு முழுவதும் மலையகத்து வீதிகளைப் பற்றிப் பேசியது. உயிரிழந்தவர்களுக்காக நாமெல்லாம் அழுதோம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பிரதான வீதி உடைந்தால் அது அனர்த்தம் எனப்படுகிறது. தோட்டப் பாதை உடைந்து கிடந்தால் அது வழமை எனப்படுகிறது. மீள்நிர்மாணத்துக்கான திட்டங்களில் இந்த வழமைக்கும் ஓர் இடம் கிடைக்காவிட்டால், அடுத்த மழையிலும் நோயாளிகள் மோட்டார் சைக்கிளில்தான் இறங்குவார்கள்.

இறுதியாக எங்கள் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. லீசிங்கில் கடன்பட்டு, தோற்றத்துக்காகப் பெரிய வண்டி வாங்காதீர்கள். தோட்டத்து நாட்சம்பளத்தில் உங்கள் தாய் அந்தத் தவணையைக் கட்டுவாள் என்று எண்ணவேண்டாம். உண்மையிலேயே தேவைப்பட்டால் எடை குறைந்த வண்டியைத் தேடுங்கள்; பாதி தார், பாதி மண் என்ற கணக்கில் டயர் போடுங்கள்; மிச்சப்படும் காசில் நல்ல தலைக்கவசம் வாங்குங்கள். அதோடு, வண்டியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது பாதையைக் கேட்பதற்குச் செலவிடுங்கள். பிரதேச சபைக்கு இப்போது சட்டத்தடை இல்லை. மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். அந்தத் தொழில் இன்னும் எனக்கு மறந்துவிடவில்லை.

கொழும்பு நண்பருக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனது செரோ விற்பனைக்கு இருக்கிறது. விலை பேசத் தேவையில்லை. கேட்ட விலைக்குத் தருவேன். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டு வாசலுக்கு ஒரு முச்சக்கரவண்டி, மழை நாளில், நோயாளியை ஏற்றிச்செல்ல வந்து நிற்க வேண்டும். அது வந்து நிற்கும் நாளில் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.