எலெக்ட்ரிக்கா, ஹைபிரிட்டா? முதலில் மாதம் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லுங்கள்!

கார் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் ஒருவர் வாய் திறந்தால் போதும், ஊரே ஆலோசகர் ஆகிவிடும். எங்கள் பத்தமடையில் டீக்கடை பெஞ்சில் இருந்து பாய் நெய்கிற வீட்டுத் திண்ணை வரைக்கும் இப்போது இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, "இனிமே எல்லாம் கரண்டு வண்டிதான், பெட்ரோலுக்கு எவன் கொட்டி அழுவான்" என்கிறது. இன்னொரு கட்சி, "பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சு, பேசாம சின்ன பெட்ரோல் வண்டியா எடு" என்கிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "ரெண்டும் வேண்டாம், ஹைபிரிட் எடு" என்று மூன்றாவது அணி அமைக்கிறார்கள்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. வண்டி எஞ்சின் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தது பிரேக் ஈவன் பாயின்ட். இந்தச் சண்டையைத் தீர்க்க அது ஒன்றே போதும் என்பது என் கட்சி :-)

எங்கள் வீட்டு நிலவரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆச்சியை மாதம் இரண்டு மூன்று தடவை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு டவுனில் வேலை. போக 20 கி.மீ., வர 20 கி.மீ. கையில் இருப்பது கொஞ்சம், மீதி வங்கிக் கடன். தங்கச்சி அடுத்த வருடம் காலேஜ் சேர்கிறாள். ஆக, வண்டியில் தப்பாகப் போடுகிற ஒவ்வொரு ஐம்பதாயிரமும் அவள் ஃபீஸில் இருந்துதான் போகும். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹைபிரிட்டை ஓரமாக வைப்போம்

ஹைபிரிட் நல்ல தொழில்நுட்பம். டொயோட்டா 1997லேயே ஜப்பானில் பிரியஸை விற்க ஆரம்பித்துவிட்டது. பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்யும், பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்துக்கொள்ளும், சார்ஜ் போட வேண்டிய வேலை இல்லை. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குச் சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 27.97 கி.மீ. கொடுத்திருக்கிறார்கள். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

விலையைக் கேட்டால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். இந்த வகை வண்டிகள் எல்லாம் 15 லட்சத்துக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியபோது சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்தில் இருந்து 18 ஆக இறங்கியது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கிறது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைபிரிட்டுக்கோ 40 சதவீதம். பட்ஜெட் 8 லட்சம் என்று வைத்திருக்கிற குடும்பத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

இன்னொன்று. சில வண்டிகளில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று பட்டை ஒட்டியிருப்பார்கள். அது மைல்டு ஹைபிரிட். மோட்டார் எஞ்சினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. அந்தப் பட்டையைப் பார்த்து யாரும் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஆக, நம்மைப் போன்ற வீடுகளுக்கு உண்மையான போட்டி சின்ன பெட்ரோல் காருக்கும் சின்ன எலெக்ட்ரிக் காருக்கும்தான்.

மின் வாரியத்தின் ஸ்லாப்

எலெக்ட்ரிக் கார் விற்பவர்கள், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது சார்" என்பார்கள். அவர்கள் யூனிட்டுக்கு ஒரே விலை போட்டுக் கணக்குச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டுக்கு அப்படி ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்குள். மொத்தம் 500ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல். 600ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். அது மட்டுமில்லை, 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 யூனிட் வரை இருக்கிற சலுகை விலையும் போய்விடும். இது 2024 ஜூலைக் கட்டணப்படி.

இப்போது கணக்கு போடுவோம். ஏசி இல்லாத வீடு, இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் பில் சுமார் 700 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொண்டால் 286 யூனிட். மொத்தம் 586. பில் 2,800 பக்கம் வரும். அதாவது காருக்காகக் கூடுதலாக 2,100 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 5 காசு.

வீட்டில் ஏற்கெனவே ஏசி ஓடி 600 யூனிட் வருகிறதென்றால், அதே கார் அதே தூரம் ஓட 2,800 ரூபாய்க்கு மேல் ஆகும். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசு. ஒரே வண்டிதான், ஒரே தெருதான். ஆனால் வீட்டுக்கு வீடு செலவு வேறு. ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியே இருந்தாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் வராது. கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 18 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 55 காசு. மிச்சம் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். ஏசி வீடு என்றால் நாலு ரூபாய் சில்லறை.

இனி அசல் கேள்வி

டாடா டியாகோ எலெக்ட்ரிக் 2022 செப்டம்பரில் 8.49 லட்சத்துக்கு வந்தது. 2024ல் ஆரம்ப விலை 7.99 லட்சம் ஆனது. அதே டியாகோவின் பெட்ரோல் வண்டி 2025 ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு 4.57 லட்சத்தில் ஆரம்பித்தது. வசதிகளை ஓரளவு சமமாக்கிப் பார்த்தால் வித்தியாசம் 3 லட்சம். மின்சார வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி முழு விலக்கு இருந்தது. பெட்ரோல் வண்டிக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம். நீங்கள் வாங்குகிற நாளில் விலக்கு உண்டா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் 60,000 மிச்சம். எர்த்திங், தனி வயரிங் செலவைக் கழித்தால் கடைசியில் வித்தியாசம் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டரை லட்சம் கடன்தானே? 9 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 22,500 ரூபாய். கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் மிச்சம் என்றால், வருடத்துக்கு 5,000 கி.மீ. ஓடினால்தான் வட்டிக்கே காணும். மாதம் 400 கி.மீ. ஓட்டுகிற வீட்டுக்கு எலெக்ட்ரிக் கார் வாழ்நாளில் அசலைத் திருப்பித் தராது. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் தயங்காமல் பெட்ரோல் வாங்குங்கள்.

மாதம் 1,000 கி.மீ. என்றால் வட்டியும் சேர்த்து 6 வருடத்துக்குச் சற்று மேல். பேட்டரிக்கு 8 வருட வாரண்டி கொடுக்கிறார்கள், அதற்குள் முடிந்துவிடுகிறது. மாதம் 1,500 என்றால் 4 வருடம். அப்போது யோசிக்கவே வேண்டாம்.

பேட்டரியை வாடகைக்குத் தருகிற திட்டம் ஒன்று 2024ல் வந்தது. எம்ஜி காமெட் 4.99 லட்சம், பிறகு கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் என்றார்கள். கரண்டையும் சேர்த்தால் மூன்றரை ரூபாய். விலை குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அதுவும் வேறு பெயரில் ஒரு கடன்தான். மாதம் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ.க்குக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் தவிர மற்றவை

அப்பாவின் கேள்வி: "ஏலே, வெள்ளம் வந்து நாலு நாள் கரண்டு இல்லன்னா என்ன செய்வ?" நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆனால் பெட்ரோல் பங்க் பம்பு ஓடவும் கரண்டு வேண்டுமே. மழை எச்சரிக்கை வந்தவுடன் டேங்கை நிரப்புகிற மாதிரி பேட்டரியை நிரப்பி, வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டியதுதான். தண்ணீரில் மூழ்கினால் எந்த வண்டியும் வண்டி இல்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை நிறுத்துகிற இடம். எங்கள் ஊரில் பாதித் தெருக்களில் வீடும் வீடும் ஒட்டி நிற்கும், வண்டி தெருவில்தான். ஜன்னல் வழியாக வயர் இழுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவது ஆபத்து. ஆடு மாடு, சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடம். சொந்த இடத்தில் நிறுத்தி, நல்ல எர்த்திங்கோடு 15 ஆம்பியர் பிளக் போட முடியாதவர்கள் எலெக்ட்ரிக் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

தூரம் இன்னொன்று. டியாகோவின் 24 யூனிட் பேட்டரிக்கு 315 கி.மீ. என்று சோதனையில் சொன்னார்கள். ஏசி போட்டு நான்கு வழிச்சாலையில் போனால் 200 கிடைத்தால் சந்தோஷம். தினம் டவுனுக்குப் போய்வர 40 கி.மீ. என்பதால் கவலையே இல்லை. மதுரை போக வேண்டும் என்றால் வழியில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். மாதம் நான்கு தடவை மதுரை போகிற வீடு என்றால் இது தொல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் தொல்லையே இல்லை.

வெயில் நமக்கு இலவசம். 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளைக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம் வரும். மேலே சொன்ன 586 யூனிட் அதில் அடங்கிவிடும். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். சொந்த மொட்டை மாடியும் மாதம் 1,000 கி.மீ. ஓட்டமும் இருக்கிற வீட்டுக்கு ஸ்லாப் தொல்லை இதோடு தீரும்.

என் தீர்ப்பு

நம் பக்கத்திலேயே தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தார்கள். பெருமைதான். ஆனால் அங்கே செய்கிற விஎஃப்6 அறிமுக விலையே 16.49 லட்சம். பக்கத்து ஊரில் செய்வதாலேயே நம் பட்ஜெட்டுக்குள் வந்துவிடாது. பெருமைக்கு வாங்காதீர்கள், பயத்துக்கும் வாங்காமல் இருக்காதீர்கள்.

ஒரு மாதம் ஒரு நோட்டு போடுங்கள். பஸ், ஆட்டோ, வாடகைக் கார், கார் இருந்திருந்தால் போயிருப்போம் என்கிற பயணம், எல்லாம் எழுதுங்கள். எங்கள் வீட்டில் போட்டோம். அப்பா காரில் டவுனுக்குப் போனால் 1,150 கி.மீ. வருகிறது. அவர் பஸ்ஸிலேயே போனால் 250 கூட வரவில்லை. ஆக, எங்கள் வீட்டில் கேள்வி எலெக்ட்ரிக்கா பெட்ரோலா என்பது இல்லை. அப்பா பஸ்ஸை விடுவாரா மாட்டாரா என்பதுதான்.

பஸ்ஸை விடமாட்டேன் என்கிறார் என்றால், சின்ன பெட்ரோல் வண்டி அல்லது கடன் இல்லாமல் ஒரு பழைய வண்டி. மிச்சப் பணம் தங்கச்சி ஃபீஸ். விடுகிறேன் என்றால் எலெக்ட்ரிக், கூடவே மாடியில் சோலார். அவர் வயதையும் முழங்கால் வலியையும் பார்த்தால் என் ஓட்டு இரண்டாவதற்கு. அப்பா இன்னும் ஓட்டுப் போடவில்லை.

உங்கள் வீட்டு நோட்டில் எத்தனை கிலோமீட்டர் வருகிறது?