சிப் ஒன்று, பெட்டி பல

டெல்லி நேரு பிளேஸிலோ மும்பை லேமிங்டன் ரோட்டிலோ கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவரை முதலில் குழப்புவது பிராண்டுதான். அசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஸோடாக் என்று பெட்டிகள் பல. ஒரே மாடல் என்றால் உள்ளே இருப்பது அதே என்விடியா சிப். விலை ஆயிரக்கணக்கில் ஏறுவது ஹீட் சிங்க், மின்விசிறி, சற்றே கூட்டிய வேகம், கலர் விளக்குகள் ஆகியவற்றால். கூட்டிய வேகம் ஆடுபவரின் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். சூடும் சத்தமும் நன்றாகவே தெரியும். மலிவான கார்டுகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது வாரன்டி. இந்தியாவில் 3 ஆண்டு என்பது வழக்கம். ‘பில் வேண்டாம், 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்று கடைக்காரர் ஆசை காட்டினால், வாரன்டியும் சேர்ந்தே தள்ளுபடியாகிறது என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் வந்த கார்டுக்கு இங்கே சர்வீஸ் மறுக்கப்படலாம். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் இன்னும் உஷார் தேவை. 2022 செப்டம்பரில் ஈதரியம் மின்நாணயத்துக்கு இந்தக் கார்டுகள் தேவையில்லை என்றானதும், இரவும் பகலும் ஓடிக் களைத்தவை சந்தைக்கு வந்தன. அதே மாதம், வாரன்டிக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஈ.வி.ஜி.ஏ. கிராஃபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு விலகியது. விற்றவற்றின் வாரன்டியைக் காப்பாற்றுவதாக மட்டும் சொன்னது.