தேர்வில் தேறிய கார் எல்லாம் நம்பகமான காரா?

ஜெர்மனியில் பழைய கார் விற்பவர்கள் விளம்பரத்தில் தவறாமல் போடும் இரண்டு வார்த்தைகள் உண்டு: "டியூஃப் புதுசு". சாலைத் தகுதிச் சோதனை இப்போதுதான் முடிந்தது, வண்டி தேறிவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்த்ததுமே வாங்க வருபவர் பாதி மயங்கிவிடுகிறார். மீதி மயக்கத்தைத் தருவது ஆண்டுதோறும் வெளிவரும் "டியூஃப் ரிப்போர்ட்". எந்த மாடல் சோதனையில் குறைவாகத் தோற்றது, எது அதிகம் தோற்றது என்று வரிசைப்படுத்தும் அட்டவணை அது. மேலே இருப்பது நம்பகமான கார், கீழே இருப்பது ஓட்டைக் கார். முடிந்தது கதை!

ஆனால் அந்தச் சோதனை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக ஏற்பட்டதே இல்லை.

முதலில் சோதனை என்னவென்று பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வாடகைக் காருக்கும் எடுக்கும் எஃப்.சி. மாதிரிதான் இதுவும். ஆனால் ஜெர்மனியில் சொந்தக் காருக்கும் கட்டாயம். புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் சோதனை, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 1951 முதல் இருக்கும் ஏற்பாடு. டியூஃப் மட்டுமல்ல, டெக்ரா போன்ற நிறுவனங்களும் சோதிக்கின்றன. இருந்தாலும் மக்கள் வாயில் எல்லாமே "டியூஃப்"தான். தேறினால் பின்பக்க நம்பர் பிளேட்டில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பெரிய குறை இருந்தால் ஸ்டிக்கர் கிடையாது. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும்.

சோதிப்பவர் எதையெல்லாம் பார்க்கிறார்? பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், அடிப்பாகத்தில் துரு, எண்ணெய்க் கசிவு, புகை. எல்லாமே பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் சார்ந்தவை. இந்த வண்டி இன்று சாலைக்கு வந்தால் அடுத்தவருக்கு ஆபத்தா என்பதே கேள்வி. எதையும் அவர் கழற்றிப் பார்ப்பதில்லை. கிளட்ச் இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும், டைமிங் செயின் தளர்ந்துவிட்டதா, கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டதா, இதெல்லாம் அவர் வேலையே அல்ல. வாங்கியவரின் பணத்தை விழுங்கப் போவது பெரும்பாலும் இவைதான்!

பிரிட்டனில் இதே போன்ற சோதனைக்கு எம்.ஓ.டி. என்று பெயர். அங்கே அரசின் இணையப் பக்கமே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது: எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை இந்தச் சோதனையில் அடங்காது என்று. "டியூஃப் புதுசு" என்று விளம்பரம் போடுபவர்கள் இந்த ஒரு வரியையும் கூடவே போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்து அந்த அட்டவணை. பல ஆண்டுகளாக அதன் உச்சியில் அடிக்கடி தென்பட்ட பெயர் போர்ஷே 911. அடிவரிசையில் அடிக்கடி தென்பட்டது டாசியா லோகன். ஒன்று பணக்காரரின் ஸ்போர்ட்ஸ் கார். மற்றது ஐரோப்பாவின் மலிவு விலைக் கார்களில் ஒன்று. 911 வைத்திருப்பவர் அதை கராஜில் பூட்டி வைத்து, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பார். சோதனைக்கு முன் ஒர்க் ஷாப்பில் விட்டு, தேய்ந்ததை எல்லாம் மாற்றிவிடுவார். லோகன் வைத்திருப்பவர் மழையிலும் பனியிலும் வேலைக்கு ஓட்டிவிட்டு, "என்ன குறை என்று அவர்களே சொல்லட்டும், அப்புறம் மாற்றலாம்" என்று நேராகச் சோதனைக்குக் கொண்டுபோவார். இரண்டு கார்களின் முடிவையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது காரின் தரம் மட்டும்தானா? உரிமையாளரின் பர்ஸும் சேர்ந்தல்லவா தெரிகிறது?

சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை ரிப்போர்ட் அச்சிடத்தான் செய்கிறது. ஆனால் வரிசைப்படுத்தும்போது அதைக் கணக்கில் எடுப்பதில்லை. டியூஷன் வைத்துப் படித்த மாணவனையும் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படித்த மாணவனையும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போலத்தான் இது.

இதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2024ஆம் ஆண்டுக்கான டியூஃப் ரிப்போர்ட்டில், இரண்டு மூன்று ஆண்டு வயதுள்ள கார்களில் 111 மாடல்கள் இடம்பெற்றன. முதலிடம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஸ்போர்ட்ஸ்வேன், பெரிய குறையுடன் தோற்றவை 2.0%. கடைசி இடம் டெஸ்லா மாடல் 3, 14.7%. அடுத்த ஆண்டு ரிப்போர்ட்டிலும் கடைசி இடம் அதே மாடல் 3தான். "டெஸ்லா மகா மட்டம்" என்று தலைப்புச் செய்திகள் பறந்தன.

அதே ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இருக்கிறது. நடுவழியில் நின்ற கார்களுக்கு உதவப் போகும் சங்கம் என்பதால், எந்த மாடல் எத்தனை முறை நின்றது என்று 1978 முதல் கணக்கு வைத்திருக்கிறது. 2024இல் நின்ற வண்டிகளைப் பற்றிய அதன் கணக்கில், 2022இல் பதிவான டெஸ்லா மாடல் 3 கார்கள் 1000க்கு 0.5 தடவைதான் நின்றிருக்கின்றன. பட்டியலின் மிகச் சிறந்த கார்களில் ஒன்று! இரண்டிலிருந்து நான்கு வயது வரையுள்ள பெட்ரோல், டீசல் கார்களின் சராசரியோ 1000க்கு 10.4.

ஒரு பட்டியலில் கடைசி, இன்னொன்றில் முன்வரிசை. எது பொய்? இரண்டும் பொய்யில்லை. மின்சாரக் கார் வேகம் குறையும்போது பெரும்பாலும் மோட்டாரே பிரேக் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் பிரேக் டிஸ்க் பயன்படாமல் துருப்பிடிக்கிறது. பேட்டரியின் எடை சஸ்பென்ஷனைப் படுத்துகிறது. ஆண்டுதோறும் ஒர்க் ஷாப்பில் விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் டெஸ்லாவில் இல்லை. எனவே குறைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆளில்லை. சோதனையில் தோற்க இவ்வளவு போதும். ஆனால் இவை எதுவும் காரை நடுரோட்டில் நிறுத்திவிடுவதில்லை.

ஏ.டி.ஏ.சி. கணக்கும் குறையற்றதல்ல. தயாரிப்பாளரின் சொந்த உதவி வண்டியை அழைப்பவர்கள் அந்தக் கணக்கில் வராமல் போகலாம். டெஸ்லாவுக்கும் அப்படிச் சொந்த சேவை உண்டு. ஆனாலும், "கார் நின்றதா இல்லையா" என்ற சரியான கேள்வியையாவது அது கேட்கிறது.

"ஏறக்குறைய ஒரு கோடி சோதனைகளை வைத்துப் போட்ட அட்டவணை தப்பாகுமா? சோதிப்பவர் காரை விற்பவர்கூட இல்லையே?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எண்ணிக்கை தப்பில்லை, சோதிப்பவரும் நடுநிலையானவர்தான். பத்து வயதுக் காரில் துருவும் சஸ்பென்ஷன் தேய்மானமும் செலவு வைக்கும் விஷயங்களே. எந்த மாடலில் எந்த இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று அறிய அந்த அட்டவணை நல்ல துணை. அதை நம்பகத்தன்மையின் தரவரிசையாக விற்பதும் வாங்குவதும்தான் தப்பு.

இதில் அடிபடுவது யார்? புதுக் கார் வாங்குபவருக்கு வாரண்டி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்து, கையில் 3,000 யூரோ மட்டும் வைத்துக்கொண்டு தனியாரிடம் பத்து வயதுக் கார் தேடும் மாணவருக்கு அது இல்லை. அவர் ஸ்டிக்கரை நம்புவார், அட்டவணையை நம்புவார். மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ் போனால், ஸ்டிக்கர் கொடுத்தவரும் பொறுப்பல்ல, அட்டவணை அச்சடித்தவரும் பொறுப்பல்ல!

அவருக்கு உண்மையில் வேண்டியது ஒரு மாடலின் சராசரி அல்ல. கண்ணெதிரே நிற்கும் அந்த ஒரு வண்டியின் வரலாறு. பிரிட்டனில் நம்பர் பிளேட் எண்ணைத் தட்டினால் போதும். 2005 முதல் அந்த வண்டி எப்போது தேறியது, எதில் தோற்றது, ஒவ்வொரு முறையும் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எல்லாம் இலவசமாக வந்து நிற்கும். பெல்ஜியத்தில் பழைய கார் விற்பவர், கிலோமீட்டர் கணக்கு அடங்கிய "கார்-பாஸ்" என்ற தாளை 2006 முதல் கொடுத்தே தீர வேண்டும். ஜெர்மனியில் அப்படி யாரும் திறந்து பார்க்கக்கூடிய பதிவேடு இல்லை. சோதனை அறிக்கையில் கிலோமீட்டர் எழுதப்படுகிறது, ஆனால் தாள் உரிமையாளரின் டிராயருக்குப் போய்விடுகிறது. எல்லாக் கார்களின் சராசரி மட்டும் பத்திரிகைக் கடையில் விற்பனைக்கு வருகிறது! 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த சட்ட முன்மொழிவில், கிலோமீட்டர் அளவுகளை ஒவ்வொரு நாடும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் ஒன்று. முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.

அதுவரை பழைய கார் வாங்குபவர் செய்யக்கூடியது எளிது. "டியூஃப் புதுசு" என்றால், "அறிக்கையைக் காட்டுங்கள், அதற்கு முந்தையதும் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். சர்வீஸ் பில்களைக் கேட்க வேண்டும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்ட வேண்டும். இவற்றுக்கு விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

ஸ்டிக்கர் சொல்வது ஒன்றே ஒன்று: சோதித்த அன்று இந்த வண்டி யாருக்கும் ஆபத்தாக இல்லை. மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகும் என்று அது எங்கும் சொல்லவில்லை.